உங்கள் மப்ளரின் நீலக் கோடு

ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நம் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு உங்கள் பெயரை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னேனாம். தவறு. உங்கள் பெயரைத் தாலுகா ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். பாங்கில் சொல்லியிருக்கிறேன். உங்கள் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், ஃபேன் சத்தத்தில் காது கேட்காத ஒரு பெண்ணிடம் மூன்று தடவை உரக்கச் சொல்லியிருக்கிறேன். சிஸ்டர்களிடம் படித்தவள் நான். கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வேன். வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை எனக்குச் சொன்னவரே நீங்கள்தான்.

இதை எழுதும்போது உங்கள் மப்ளர் மேசைமேல் இருக்கிறது. பீரோவைத் திறந்ததும் ரசகற்பூர வாசனைதான் முதலில் வந்தது. முகத்தருகே கொண்டுபோனால் அதற்கும் அடியில் உங்கள் இரும்புப் பெட்டியின் வாசனை, கொஞ்சம் துரு, கொஞ்சம் எஞ்சின் எண்ணெய். ஒரு பாதி சிவப்பு, மறு பாதி கறுப்பு, நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு நீலக் கோடு. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்கள் கப்பல் எஞ்சின் பழுதாகித் துருக்கியில் அந்தத் துறைமுக ஊரில் மாதக்கணக்கில் நின்றுபோனது நினைவிருக்கும். பாகம் வர வேண்டும், வந்தால் கிளம்பிவிடுவோம் என்றே ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினீர்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நீங்கள் போன் செய்தால் கடைத்தெரு மருந்துக்கடைக்குத்தான் வரும். அங்கே இருமல் மருந்துக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்ப்பார்கள். "எதையும் போனில் சொல்ல வேண்டாம், எழுதுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கடிதத்தில் நான் ஐந்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். மிச்சப் பக்கமெல்லாம் பந்தாட்டம். சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன்; கோல்கீப்பருக்கு முழங்காலில் அடி என்று எழுதினீர்கள். அதன் பிறகுதான் கேள்விகளுக்கு எண் போட்டு அனுப்ப ஆரம்பித்தேன். நீங்களும் அடுத்த கடிதத்தில் 'ஒன்று: ஆம். இரண்டு: ஆம். மூன்று: வெங்காயம் போடுவதில்லை' என்று எழுதி, எண் ஆறு என்று நீங்களே ஒன்றைச் சேர்த்து, அதில் மறுபடி பந்தாட்டம் எழுதினீர்கள்.

அந்தக் கடிதங்களை நேற்றும் படித்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் உங்களை ஞாயிற்றுக்கிழமை தோறும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கைப்பிடி இல்லாத சின்னக் கண்ணாடி டம்ளரில் டீ. மழை பெய்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. இஸ்தான்புல்லின் பெரிய குழுக்களுக்கு நாடே கைதட்டினாலும், அந்த ஊரில் அப்படிக் கைதட்டுகிறவனை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். "தோற்றாலும் எங்கள் ஊர்தானே தோற்றது" என்பார் அந்த கிரேன்காரர். அவர்கள் குழு கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்பட்ட வருஷத்திலும் கூட்டம் குறையவில்லையாம்.

முன்பு அங்கே துறைமுகத்துக்காரர்களுக்கு ஒரு குழு, கடைக்காரர்களுக்கு ஒரு குழு. ஒருவரை ஒருவர் தோற்கடித்துவிட்டு அதோடு திருப்தியாக இருந்திருக்கிறார்கள். நாட்டின் பெரிய போட்டிகளில் ஆட வேண்டுமென்றால் ஊருக்கு ஒரே குழுவாக வா என்று நிலைமை வந்தது. வாரக்கணக்கில் டீக்கடையில் கூட்டம். உன் பெயரை நான் ஏற்கமாட்டேன், என் பெயரை நீ ஏற்கமாட்டாய். கடைசியில் ஒரு பெரிய மனிதரின் பெயரை வைக்கலாம் என்று யாரோ சொல்ல, ஒரு கிழவர் எழுந்து, "அவர் பேரன் சண்டைக்காரனாகப் போனால் என்ன செய்வோம்? ஊர்ப் பெயரை வையுங்கள்" என்றாராம். ஊர்ப் பெயரே குழுவின் பெயரானது. துறைமுகம் சிவப்பைக் கொடுத்தது, கடைத்தெரு கறுப்பைக் கொடுத்தது.

உங்கள் பெயரை நான் ஏன் மறுத்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நமக்கும் பேரன் இருக்கிறான்.

கீரமங்கலம் ரோட்டில் உங்கள் பங்குக்கு வந்த மேட்டு நிலத்தில்தான் இப்போதும் பந்து விளையாடுகிறார்கள். வடக்குத் தெருக் குழு ஒருநாள், கடைத்தெருக் குழு மறுநாள். மாவட்டப் போட்டிக்குத் தனித்தனியாகப் போய் இரண்டும் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்துவிடும். இந்த வருஷம்தான் ஒன்றாகப் போகலாம் என்று பேச்சு வந்தது. வடக்குத் தெருவுக்கு முத்தையா, உங்கள் பெரியப்பா பேரன், டிராக்டர் வைத்திருக்கிறான். கடைத்தெருவுக்கு சாகுல், வளைகுடாவிலிருந்து திரும்பிவந்து பாத்திரக்கடை நடத்துகிறார். நிலம் நம்முடையது என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஊர்ப் பெயரே போதும் என்று பெயர் முடிந்தது. நிறத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

"செவப்பு எங்க அப்பா காலத்துக் கலரு, பெரியம்மா. அதை விட்டா வடக்குத் தெருவுல ஒருத்தன் பந்தைத் தொட மாட்டான்" என்றான் முத்தையா.

"பச்சைய விட்டுட்டு வந்தா எங்க தெருவுல எனக்கு டீ கூட ஊத்த மாட்டாங்கம்மா" என்றார் சாகுல்.

"அப்ப பாதிக்குப் பாதி போடுங்க. பதினோரு தர்ப்பூசணி ஓடுற மாதிரி இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சொன்னது மாரிமுத்து. காலனியில் இருக்கிறார், லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு குழுவுக்கும் கோல்கீப்பர் வராத நாளில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காலனியில் ஆடத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு.

"உங்களுக்கு என்ன நிறம் மாரிமுத்து?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏதும்மா கலரு? ஆளு கொறஞ்சா கூப்பிடுறாங்க, வாரோம். அன்னைக்கு யாரு சட்டையக் கழட்டிக் குடுக்குறாங்களோ அந்தக் கலரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்கள் சிரிப்பு நின்றுபோயிற்று.

நான் பையிலிருந்து உங்கள் மப்ளரை எடுத்தேன். சிவப்பையும் கறுப்பையும் சொன்னேன். பிறகு நீலத்தைக் காட்டி, நீங்கள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, அதைச் சொன்னேன். அந்த ஊரில் மூன்றாவதாக ஒரு குழு இருந்தது. படகுக்காரர்கள், பத்துப் பன்னிரண்டு பேர், சொந்தமாகச் சட்டைகூடக் கிடையாது. ஒன்றாகச் சேரும்போது அவர்களை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். விடவில்லை. சிவப்பும் கறுப்பும் பிரிந்துபோகாமல் நடுவில் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு இந்த நீலம் என்று முடிவானது.

முத்தையா மப்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "துருக்கிக்காரன் செஞ்சிருக்கான், நாம செய்ய மாட்டமா?" என்றான். சாகுல் தலையாட்டினார். மாரிமுத்து மட்டும் அந்தக் கோட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நீலமா? நீலம் நல்லாருக்கும்மா" என்றார். காலனிக்காரர்கள் ஆள் குறைந்தால் வருகிறவர்களாக இல்லாமல் குழுவில் பெயர் எழுதி வருகிறவர்களாக ஆனது அன்றைக்குத்தான். சிவப்பு, பச்சை, நடுவில் நீலம். திருப்பூருக்கு ஆர்டர் போனது.

மூன்று நாள் கழித்து சாகுல் தனியாக வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்கம்மா. எங்கூட வேலை பாத்த துருக்கிக்காரர்கிட்ட சும்மா கேட்டேன். அந்த டீமுக்கு ரெண்டே கலர்தானாம். நீலமே கெடையாதாம்." போனில் அந்தக் குழுவின் முத்திரையைக் காட்டினார். சிவப்பும் கறுப்பும்தான் இருந்தன. "யாருகிட்டயும் சொல்லலம்மா, சொல்லவும் மாட்டேன்" என்று எழுந்துகொண்டார்.

அவர் போனதும் மப்ளரை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த நீலக் கோடு என் கைவேலை.

அந்த வருஷம் உங்களுக்கு முன்னால் உங்கள் பெட்டிதான் வந்துசேர்ந்தது. வேறொரு கப்பலில் வந்து ஏதோ கிடங்கில் கிடந்து, மூடி நெளிந்த வழியே எலி புகுந்திருந்தது. மப்ளரில் சிவப்பும் கறுப்பும் சேருகிற இடத்தை நீளவாக்கில் குதறிவிட்டிருந்தது. நான் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. கொடைக்கானலில் கான்வென்டில் போட்ட என் நீல ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலால் நடுவில் ஒரு பட்டை பின்னி இரண்டு பக்கத்தையும் சேர்த்தேன். ஊசி வேலையில் எனக்கு முதல் பரிசு என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் வந்து அதை விரித்துப் பார்த்தீர்கள். நடுப் பட்டையை விரலால் ஒருமுறை தடவினீர்கள். அப்புறம், "அடடே, அதே நீலம்! எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றீர்கள். இருந்த நிறத்தைப் பார்க்காமலே சரியாகப் போட்டேன் என்று இத்தனை வருஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம்தான் படகுக்காரர்களின் கதையை முதலில் சொன்னீர்கள்.

கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதி வரிசைப்படி அடுக்கிப் படித்தேன். துறைமுகம் இருக்கிறது. கடைத்தெரு இருக்கிறது. கிழவர் இருக்கிறார். படகுக்காரர்கள் ஒரு கடிதத்திலும் இல்லை. அவர்களை நீங்கள் எழுதவே இல்லை. வாயால் சொன்னது மட்டும்தான்.

பொய்யைச் சொல்லி ஒரு காரியத்தை நடத்திக்கொள்ள எனக்குத் தெரியாது. அதே சமயம், வெறும் நூலைக் காட்டி வாங்கிக் கொடுத்த இடம் மாரிமுத்துவுக்கு நிற்குமா என்று பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய், எல்லாரையும் உட்காரச் சொல்லி, நான் நின்றுகொண்டு சொன்னேன். "அந்த நீலம் துருக்கியில் இல்லை. எலி கடித்த இடத்தில் நான் போட்ட ஒட்டு. உங்களிடம் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது யோசித்து முடிவு செய்யுங்கள்."

சாகுல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முத்தையாவைத்தான் பார்த்தேன். மாற்றிச் சொல்வதானால் அவன்தான் சொல்வான். அவன் தலையைச் சொறிந்தான். "என்ன பெரியம்மா, இதுக்குப் போயி எந்திரிச்சு நின்னுக்கிட்டு. உக்காருங்க. ஆளு சேத்தது சேத்ததுதான். மாரிமுத்து மாதிரி எங்களுக்கு ஒரு கோல்கீப்பரும் இல்ல."

"ஆர்டரும் போயிருச்சும்மா. இனிமே வேணும்னா துருக்கிக்காரன் அவன் சட்டைய மாத்திக்கட்டும்" என்றார் மாரிமுத்து.

நான் அங்கே சிரித்தேன். நீங்கள் போன பிறகு வெளியிடத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன வாரம் பொன்னமராவதியில் மாவட்டப் போட்டியில் ஆடினார்கள். ஒரே வேனில் மூன்று தெருவும் போனது. நானும் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றுவிட்டார்கள். மாரிமுத்து பாய்ந்து பிடித்தது மட்டும் நாலு இருக்கும். திரும்பி வரும்போது வடக்குத் தெருவால் தோற்றோம், கடைத்தெருவால் தோற்றோம் என்று பேச்சு வரும் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன். வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரோ கேட்டதற்கு வேனுக்குள்ளிருந்து ஒரு குரல், "நம்மூரு தோத்துப்போச்சுண்ணே" என்றது. கிரேன்காரர் சொன்னது அப்படியே.

எனக்கு மனசு நிறைவாக இருக்கிறது. உடம்பும் பரவாயில்லை. மப்ளரின் ஓரத்தில் ஓர் இடம் பிரிந்திருந்தது. நீல நூலாலேயே தைத்துவிட்டேன். மீதி நூல் இன்னும் ஓர் உருண்டை இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்த ஊரில் படகுக்காரர்கள் நிஜமாகவே இருந்தார்களா, அல்லது என் ஒட்டு குறையாகத் தெரிந்துவிடக் கூடாதென்று அவர்களை நீங்கள் உண்டாக்கினீர்களா? இரண்டில் எது என்றாலும் எனக்கு வருத்தமில்லை. வாயால் சொன்னது போதாது. கேள்வி ஒன்றுதான், எண் போடவில்லை. எழுத்தில் பதில் போடவும்.