மெம்பர் கிரேடு வந்துவிட்டது, அன்வர் அண்ணே

தினமும் என்னோடு சண்டை போட்டு, ஒரு நாளும் அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாத என் அன்வர் அண்ணனுக்கு,

பம்பாயிலிருந்து சங்கத்தின் உறை வந்துவிட்டது. கடையில் எல்லார் முன்னாலும் வைத்தே பிரித்தேன். மெம்பர் என்றுதான் போட்டிருக்கிறார்கள். அசோசியேட் இல்லை, மெம்பர். முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். நான் உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். பழக்கம் விட மாட்டேன் என்கிறது, அண்ணே.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம்மைத் தெரியாது. அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் பஜாரில் விதை உருளைக்கிழங்கும் உரமும் மொத்தமாக விற்கும் கடை நம்முடையது. நீங்கள் சேல்ஸ். ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக் கிராமமெல்லாம் போய் ஆர்டர் பிடித்து வருவீர்கள். யாருக்குக் கடனாகச் சரக்குத் தரலாம், எவ்வளவு தரலாம், எதுவரை பொறுக்கலாம் என்று பார்ப்பது என் வேலை. நீங்கள் "குடு" என்பீர்கள், நான் "பொறுங்க" என்பேன். பக்கத்து டீக்கடைக்காரர் நம் சத்தத்தைக் கேட்டுத்தான் கடை திறந்துவிட்டது என்று தெரிந்துகொள்வாராம்.

இந்த மெம்பர் விவகாரத்தை ஆரம்பித்துவைத்ததே நீங்கள்தானே? மதுரை உரக் கம்பெனிக்காரர் விட்டுப்போன வியாபாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். திடீரென்று மேசையில் தட்டினீர்கள்.

"ஏம்மா மெர்சி, ஒன் சோலிக்கும் ஒரு சங்கம் இருக்கு பாத்தியா! கடன் நிர்வாகம் பாக்குறவங்களுக்குன்னே இருக்காம். அசோசியேட்டு, மெம்பரு, பெலோன்னு மூணு படி வச்சிருக்கான்."

"அதெல்லாம் பெரிய கம்பெனி ஆளுகளுக்கு அண்ணே. நமக்கு எதுக்கு?"

"நீ பாக்குற வேலைய எந்தப் பெரிய கம்பெனிக்காரன் பாக்கான்? எழுதிப் போடு. எழுதுறதுதான் எழுதுற, மெம்பருக்கே எழுது."

மெம்பர் கிரேடுக்குத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், அல்லது கடன் கொடுக்கும் முடிவைத் தானே எடுக்கிற பொறுப்பில் பல வருஷம் இருந்திருக்க வேண்டும். முதலாளி அதற்குச் சான்று தர வேண்டும். ஏற்கெனவே மெம்பராக இருக்கும் இருவர் சிபாரிசு செய்ய வேண்டும். உரக் கம்பெனியின் மதுரை ஆபீசில் இருவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். என் அனுபவத்தை எழுதும் இடத்தில் கவுஞ்சி கிராமத்தைப் பற்றி எழுதினேன்.

அந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. கருகல் நோய் வந்து கவுஞ்சியில் கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. ஊருக்கே கடனை நிறுத்து என்றார் முதலாளி. உங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. போய்ப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது என்றேன் நான். ஜீப்பில் முணுமுணுத்துக்கொண்டே கூட்டிப்போனீர்கள். பாத்தி பாத்தியாக ஏறி இறங்கினோம். நல்ல வருஷங்களில் ஒழுங்காகக் கட்டியவர்கள் யார், மாடு கன்று இருக்கிறதா, அடுத்து என்ன விதைக்கப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். ஏறக்குறைய எல்லாருக்கும் மறுபடி விதை கொடுக்கச் சொன்னேன். ஒருவருக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அவர் ஊரிலேயே பெரிய பண்ணைக்காரர், உங்கள் சிநேகிதர்.

"இல்லாதவனுக்கெல்லாம் குடுப்ப, இருக்கிறவனுக்கு மாட்டேம்ப. என்ன நியாயம் புள்ள இது?" என்று வழியெல்லாம் கத்தினீர்கள்.

"இல்லாதவங்க கருகலால கட்டல அண்ணே. இவரு நல்ல வெள்ளாமையிலயும் இழுத்தடிச்சாரு" என்றேன். அதன் பிறகு பல நாள் என்னிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இல்லை; ஆனாலும் மறுநாளே ஜீப்பில் எனக்கு இடம் இருந்தது.

அடுத்த அறுவடையில் கவுஞ்சிக்காரர்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள். உங்கள் சிநேகிதரோ பழனியிலும் வத்தலக்குண்டிலும் கடன் சொல்லிச் சரக்கெடுத்துவிட்டு, பண்ணையை விற்றுக் கிளம்பியிருந்தார். அன்றைக்கு நீங்கள் டீ வாங்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தீர்கள்.

இவ்வளவும் எழுதிப் போட்டும் பதில் எப்படி வந்தது? "உங்கள் முதலாளி உங்களைக் கணக்கு கிளார்க் என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார், ஆகவே அசோசியேட் கிரேடுதான் தர முடியும், சம்மதமானால் கட்டணம் அனுப்பவும்" என்று வந்தது. என் வீட்டுக்காரர், "கிடைக்கிறத வாங்கிக்க மெர்சி, அதுவும் கவுரவந்தான்" என்றார். எனக்கும் பாதி மனசு அப்படித்தான். நீங்கள் அந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நேரே முதலாளி அறைக்குள் போனீர்கள். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பொறுப்பாளர்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு அதுக்கேத்த சம்பளம் கேக்கும்லய்யா" என்றார் முதலாளி.

"கேக்கட்டுமே, மொதலாளி. அந்தச் சோலியத்தான பாக்குது? கவுஞ்சி விசயத்துல நாம ரெண்டு பேரும் சொன்னது தப்பாப் போச்சு. அது சொன்னதுதான் நின்னுச்சு. அன்னைக்கு முடிவெடுத்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

அப்புறம் முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். 'கடன் பிரிவுப் பொறுப்பாளர், முடிவுகள் இவருடையவை' என்று புதிய சான்று எழுதிக் கொடுத்தார். அதே கையோடு சம்பளத்தையும் உயர்த்தினார். அசோசியேட் வேண்டாம், மெம்பருக்கே பரிசீலியுங்கள் என்று அன்றைக்கே நான் பதில் எழுதினேன். சென்னைக்கு நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள்.

அந்த அழைப்பு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பேத்துப்பாறையில் ஆர்டர் எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஜீப்பை ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வலியிலும் வண்டியைப் பள்ளத்தில் விடாமல் நிறுத்தினீர்களே, பின்னால் கவுஞ்சிக் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்ததாம். அவர்கள் வந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

சென்னைக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். மதினியைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது அதைச் சொன்னேன். கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த உங்கள் மனைவி, வெள்ளை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்புட உக்காந்தா ஒன் பேச்சுத்தான் பேசுவாரு. மெர்சி இத மறுத்துச்சு, மெர்சி அத நிறுத்துச்சுன்னு. திட்டுற மாதிரித்தான் ஆரம்பிப்பாரு, முடிக்கும்போது சிரிப்பாரு. நீ போகலைன்னா அவரு விட்டாலும் நான் விட மாட்டேன். வெள்ளனே கெளம்பு."

கிளம்பினேன். சென்னையில் நேர்காணல் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷ் கைகொடுத்தது. கேள்விகளெல்லாம் நாம் தினமும் அடித்துக்கொண்ட விஷயங்கள்தானே? கடைசியில் நடுவில் இருந்தவர், "விற்பனைப் பிரிவு கொடுக்கச் சொல்கிறது, நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

"சண்டை போடுவோம். பிறகு இரண்டு பேருமாகப் போய் வயலைப் பார்ப்போம்" என்றேன்.

"பார்த்த பிறகும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்?"

"ஒத்துக்கொள்ளவே மாட்டார், சார். ஆனால் மறுநாளும் ஜீப்பில் எனக்கு இடம் வைத்திருப்பார்."

மூவரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். உங்களை இருக்கிறவராகவே சொல்லிவிட்டேன் என்பது திரும்பி வரும் பஸ்ஸில், மலை ஏறும்போதுதான் உறைத்தது. அதுவரை வராத அழுகை அங்கே வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நேர்காணல் சரியாகப் போகவில்லையா என்று கேட்டார். நல்லாப் போச்சும்மா என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

சான்றிதழை முதலில் மதினியிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்காக்கும் அம்புட்டுச் சத்தம்!" என்றார். இரண்டு பேரும் சேமியா பாயசம் குடித்தோம். அடுத்த படியான பெலோவுக்கும் வருஷம் நிறைந்ததும் எழுதப் போகிறேன். இந்தத் தடவை யாரும் தள்ளிவிட வேண்டியதில்லை.

கடையில் உங்கள் இடத்துக்கு ஒரு ஆள் வந்திருக்கிறார். நல்ல மனுஷர், மரியாதையானவர். நான் என்ன சொன்னாலும், "சரிங்க மேடம், நீங்க சொன்னா சரிதான்" என்கிறார். முதல் வாரம் அது நிம்மதியாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது, அண்ணே. நான் சொல்வது தப்பாக இருந்தால் யார் சொல்வது? கவுஞ்சியில் நான் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் கேட்டதே, திரும்பி வரும்போது உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதானே?

நேற்று அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஒரு பார்ட்டிக்குக் கடன் வேண்டாம்னு நான் சொன்னா, ஏன்னு கேளுங்க. சத்தம் போட்டே கேளுங்க" என்றேன். திகைத்துப்போய், "சரிங்க மேடம்" என்றார்.

பழக்கிவிடுவேன், பாருங்கள். இது என் வாக்கு. என் பேருக்குப் பின்னால் எத்தனை எழுத்துச் சேர்ந்தாலும், என்னை மறுத்துப் பேசும் ஓர் ஆள் பக்கத்தில் இல்லாமல் எந்த விவசாயிக்கும் 'இல்லை' என்று சொல்ல மாட்டேன்.

உங்களோடு போட வேண்டிய சண்டைகளை இன்னும் மிச்சம் வைத்திருக்கும் தங்கச்சி,
மெர்சி
நாயுடுபுரம்