தீக்குச்சி வைத்த துளைகள்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது,

இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடியேறி வந்து என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள். அண்ணிக்கு அந்த ஊர் பழகிவிட்டதா?

பாட்டு டீச்சர் நம் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்த பழைய பியானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. நீ கோபித்துக்கொண்டு போன பிறகு ஒரு மாதம் அதைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தேன். போன வாரம்தான் உள்ளே கம்பிகளைத் தட்டும் சுத்தியல் வரிசையைக் கழற்றி மேசையில் வைத்தேன். பதினோரு சுத்தியல்கள் ஆடின. திருகினால் ஸ்க்ரூ பிடிக்காமல் சும்மா சுற்றியது. "கைக்கு ஒரு அளவே கிடையாதா? இறுக்கி இறுக்கி மரத்தையே நாசம் பண்ணிட்டியே" என்று டீச்சர் முன்னால் உன்னைப் பார்த்துக் கத்தினேனே, அதே பதினொன்றுதான்.

ஒரு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, சுத்தியல்களைப் பூட்டிய கட்டையைக் கவிழ்த்துத் தட்டினேன். மரப்பொடியோடு ஒரு தீக்குச்சித் துண்டு விழுந்தது. அடுத்த துளையிலும் அப்படியே. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. உன் கல்யாண வாரத்தில் இதே பியானோ ஒரு தடவை நம் கடைக்கு வந்திருந்தது. நீ இல்லை. அவசரத்துக்குப் பசை தடவித் தீக்குச்சி செருகி ஸ்க்ரூவைத் திருகியவள் நான்தான். பிறகு ஒழுங்காகச் செய்யலாம் என்று நினைத்து அடியோடு மறந்துபோனேன். பாவி நான், பழியை உன் தலையில் போட்டேன்.

இப்போது பதினொன்றையும் சரி செய்துவிட்டேன். துளையை அகலமாகக் குடைந்து, கெட்டி மரத்தில் சீவிய முளையைப் பசையோடு அடித்து, காயவிட்டு, மட்டமாகச் செதுக்கி, நடுவில் சின்னத் துளை போட்டேன். ஸ்க்ரூ கடைசிச் சுற்றில் கச்சிதமாகப் பிடிக்கிறது. சந்தோஷம் தாங்காமல், மதியம் கண்ணயர்ந்திருந்த அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்காடி எழுப்பின?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

டீச்சரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னம்மா, உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார். அதுதான் இந்தக் கடிதம்.

சுருதி சேர்க்க ஆள் அனுப்பட்டுமா என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு மரவேலைதான் வரும், சுருதிக்கு உன் காதுதான். சுருதி சேர்க்கும் உன் சாவி அதே ஆணியில் தொங்குகிறது. டீச்சர் எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன் என்கிறார். அவர் முன்னால்தானே கத்தினேன், அவர் முன்னாலேயே மன்னிப்பும் கேட்கிறேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா அண்ணா.

உன்னைத் திட்டிய அதே வாயால் கூப்பிடும்,
தங்கை