பொட்டு பாடிக்கு, மொட்டை பேட்டரிக்கு

இன்று காலை உங்கள் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் போன இந்த ஏழு மாதத்தில் இதுதான் முதல் தடவை. மூடியைத் தூக்கியதும் ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை, என்னுடையது. குறட்டுக்கும் சுத்தியலுக்கும் நடுவில், கந்தல் துணியில் சுற்றியபடி, என் சிவப்புச் சாந்து சீசா கிடந்தது.

பத்தாம் நாள் உங்கள் அக்கா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வளையல், பூக்கூடை, குங்குமச் சிமிழ் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார். ஆண்பிள்ளைப் பெட்டிக்குள் பொட்டு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுதேன்.

"தனியா இங்க இன்னா பண்ணிக்கினு இருப்ப? எங்க ஊரு காணைக்கு வந்துடு, கேப்பைக் கூழு குடிச்சிக்கினு என்கூட கெடக்கலாம்" என்கிறார் அக்கா. இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். போனால் இந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பெட்டியைத் திறக்கவைத்தது திண்டிவனத்து ஜீப்புக்காரர், உங்களைப்போலவே வண்டியில் மைக் கட்டி விளம்பரம் சொல்கிற உங்கள் சினேகிதர். விரல் தடிமனில் கறுப்புக் கேபிளைக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணி, கடைக்காரன் போட்ட ஜாயிண்டு நிக்க மாட்டேங்குது. நீங்கதான் போட்டுத் தரணும்" என்றார். நம் வண்டி ஜாயிண்டெல்லாம் என் கை வேலை என்று நீங்கள் ஊரில் யாரிடமோ சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம்தான் ஒரு நாளும் சொன்னதில்லை.

முதல் கேபிளை நீங்கள் கொன்றது நினைவிருக்கிறதா? நம் பழைய சீமைக் காரின் தலையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, பின்சீட்டில் ஆம்பிளிஃபையர், முன்னால் பேட்டரி. நடுவில் கரண்டைக் கொண்டுபோக இந்தக் கேபிள் இரண்டு. முற்றத்தில் குந்திக்கொண்டு சவரப் பிளேடால் ரப்பரை அறுத்தீர்கள். "ஒரு இழை போனாலும் அந்த எடத்துல சூடு ஏறும்மே, பத்திக்கினு எரியும்" என்று எனக்குப் பாடம் வேறு. சொல்லும்போதே ஐந்து இழையைத் துண்டாக்கிவிட்டீர்கள். அரிவாள்மனையில் முருங்கைக்காய் அரிந்துகொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "குடுங்க இங்க" என்று பிடுங்கி, அலகின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். ரப்பர் மட்டும் கழன்று வந்தது, தாமிரத்தில் ஒரு கீறல் இல்லை.

"இன்னாமே, உன் கையில இன்னா கீது?" என்றீர்கள்.

"முருங்கைக்காய் கீது" என்றேன்.

அன்றிலிருந்து உரிப்பது என் வேலையானது. நசுக்குவதும். கேபிள் முனையில் மாட்டும் பித்தளைக் குப்பியை அம்மிமேல் வைத்து, இழைகளை உள்ளே திணித்து, மழுங்கின உளியை வைத்து நான் அடிக்கிற அடியில் குப்பியும் கம்பியும் ஒன்றாகிவிடும். அம்மியில் விழுந்த பள்ளத்தில் இன்றைக்கும் துவையல் தங்குகிறது. பிறகு ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். திடீரென்று கையை விடுவீர்கள், நான் தரையில் உட்காருவேன். எத்தனை முறை திட்டியும் அந்தக் குறும்பு உங்களை விட்டுப் போகவில்லை.

இரண்டு கேபிளும் ஒரே கறுப்பு. பிளஸ் எது, மைனஸ் எது என்று நீங்கள் கட்டிய நூல் அடையாளம் எண்ணெயில் ஊறி அறுந்துபோயிற்று. நான்தான் என் சீசாவிலிருந்து பிளஸ்ஸுக்கு ஒரு பொட்டு வைத்தேன், மைனஸ் மொட்டை. நம் காரில் பிளஸ் போய்ச் சேருவது வண்டியின் இரும்புப் பாடியில், மைனஸ்தான் பேட்டரிக்கு. உங்களுக்குப் பாட்டு கிடைத்துவிட்டது. பானெட்டைத் தட்டி, "பொட்டு பாடிக்கு, மொட்டை பேட்டரிக்கு" என்று சொல்லாமல் ஒரு நாளும் நீங்கள் புறப்பட்டதில்லை.

நீங்கள் போவீர்கள், நான் இருப்பேன். ரயில்வே கேட் தாண்டும்வரை உங்கள் குரல் கேட்கும். என்ன நாடகம், எந்தத் துணிக்கடை என்று நான் கவனித்ததே இல்லை. குரல் கரகரக்கிறதா என்றுதான் கேட்பேன். சுத்தமாக வந்தால் அதில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டு சாதம் வடிப்பேன்.

அப்புறம் அந்தச் சர்க்கஸ் விளம்பரம். நம் கார் பட்டறையில் கிடந்ததால், என் கேபிளை எடுத்துக்கொண்டுபோய்த் திண்டிவனத்தில் சினேகிதர் ஜீப்பில் மாட்டினீர்கள். ஜீப்பில் எல்லாம் தலைகீழ். அங்கே பாடியில் சேருவது மைனஸ். நீங்கள் பழக்கதோஷத்தில் அதே பாட்டைப் பாடி, அப்படியே முடுக்கிவிட்டீர்கள். ஆம்பிளிஃபையர் புகைந்து படபடவென்று வெடித்ததாம். கோமாளிகூட சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றானாம். பஸ்ஸில் வந்து இறங்கி, கேபிளை முற்றத்தில் வீசினீர்கள். "உன் பொட்டாலதான்டீ இவ்ளோ பேஜாரு!"

பொட்டு சரி, மாட்டிய இடம்தான் தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கேபிளைப் பொறுக்கிச் சுருட்டிவைத்தேன். அதற்கப்புறம் மெட்ராஸிலிருந்து ஜாயிண்டு போட்டதாகவே வாங்கிவந்தீர்கள். ஐந்து மாதம் என்னைப் பெட்டியைத் தொடவிடவில்லை. நிஜத்தைச் சொல்கிறேன், இந்த ஏழு மாதத்தைவிட அந்த ஐந்து மாதம்தான் எனக்குப் பெரிய தனிமை. நீங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், நான் வீட்டில் இல்லாதவள்போல இருப்பேன்.

ஒரு மத்தியானம், ஓமந்தூர் பக்கம் அந்தக் கடை ஜாயிண்டு சூடேறி உருகி, வண்டி நடுவழியில் நின்றது. நீங்கள் வந்து கேபிளை என் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். பிடரியைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள்.

"நீயே போட்டுடுமே."

"பொட்டு?"

"அதையும் வெச்சிடு. காரா ஜீப்பான்னு நான்தான் பாத்திருக்கணும்."

உங்கள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துதான் உரிக்க உட்கார்ந்தேன்.

மாசியில் காமாலை வந்தது, ஒன்பதே நாள். வாசலில் யாரோ, "பாடிய எப்ப எடுக்கறாங்க?" என்று கேட்டார்கள். அந்த ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. என் நெற்றியில் கடைசியாகப் பெரிதாய் ஒரு பொட்டு வைத்து உங்கள் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். பொட்டு பாடிக்கு. பாவி மனுஷா, இத்தனை வருஷமாக இதையா பாடிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தேன்.

இன்று ஜாயிண்டு நன்றாக வந்தது. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை, ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பி திடீரென்று கையை விடாது. சீசாவில் சாந்து காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன், சிவப்பு வந்துவிட்டது. விரலில் தொட்டுக் கேபிளருகே கொண்டுபோனேன். இந்த நெற்றிக்குத்தானே வேண்டாம் என்றார்கள், கம்பிக்கு யார் என்ன சொன்னார்கள்? வைத்தேன்.

சினேகிதர் கேபிளை வாங்கிக்கொண்டு ஜீப்பிடம் போனார். உங்களை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "பொட்டு பாடிக்கு..." என்று முணுமுணுத்தபடி குனிந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ, தெருவே திரும்பிப் பார்த்தது.

"அய்யோ தம்பி, இது ஜீப்புப்பா! ஜீப்புல பொட்டு பேட்டரிக்கு!"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றி மாட்டினார். குரல் சுத்தமாக வந்தது. ரயில்வே கேட் தாண்டும்வரை வாசலில் நின்று கேட்டேன்.

உள்ளே வந்ததும், காணைக்கு வரவில்லை என்று அக்காவுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டேன். கார்டின் ஓரத்தில் சிவப்பாக என் விரல் பதிந்துவிட்டது. பார்த்தால் திட்டுவார், திட்டட்டும். அது நல்ல சாந்து, எவ்வளவு கழுவினாலும் இரண்டு நாளைக்குப் போகாது.