தந்தி எவ்வளவு உயரம்?

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் மோதிர விரல் காலை வாரிவிட்டது. போன வருஷம் கார்க் கதவில் நசுங்கிய விரல். எதையாவது அழுத்திப் பழகச் சொன்னார் பிசியோதெரபி டாக்டர். அதற்காகத்தான் குட்டி கிட்டார் மாதிரி இருக்கும் இந்த யூகுலேலேயையே வாங்கினேன். தந்திகளோ பலகையை விட்டு எங்கோ மேலே நிற்கின்றன. அழுத்துவதற்குள் உயிர் போகிறது. பதினைந்தாம் தேதி நூலகத்தில் எங்கள் குழு வாசிக்கிறது. மூன்று பாட்டிலும் அந்த விரல் வேண்டும்.

மார்ச் 6
இசைக்கருவிக் கடையில் கேட்டேன். தந்திகளைத் தாங்கும் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்தால் தந்தி இறங்குமாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டுமாம், தேய்ந்தது தேய்ந்ததுதானாம்.

இதை வீட்டில் வந்து சொன்னது என் தப்பு. இவர் கண்ணாடிக் கடையில் இருபது வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவர். "கொடு, நான் பாத்துக்கறேன்" என்று கையை நீட்டினார். குக்கர் முதல் திரைச்சீலை வரை எல்லாவற்றையும் இவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒன்றே ஒன்றை நான் பார்த்துக்கொள்ளக் கூடாதா? கொடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்
இவர் வேலைக்குப் போனதும் தேய்த்தேன். பென்சில் கோடு போட்டு, கோடு வரைக்கும். விரல் வலிக்காமல் தந்தி படிந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. இவரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 12
டர்ர்ர். எந்தத் தந்தியைத் தொட்டாலும் டர்ர்ர் — டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி. பலகையில் இருக்கும் உலோகப் பட்டைகளில் தந்தி உரசுகிறது. முந்தாநாள் நன்றாகத்தானே இருந்தது?

மாலை.
இவர்தான்! நேற்று நான் காய்கறி வாங்கப் போன நேரத்தில் அதே துண்டைக் கழற்றி இவரும் தேய்த்திருக்கிறார். எனக்கு ஆச்சரியம் கொடுக்கவாம். நான் ஏற்கெனவே தேய்த்தது தெரியாதாம். துண்டை அளந்தாராம், தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கவில்லையாம்.

"நீ சொல்லியிருந்தா நான் ஏன் தொடப்போறேன்?"

"நீங்க கேட்டிருந்தா?"

என் விரல்தானே நசுங்கிச்சு, மூளையா நசுங்கிச்சு? ஒரு துண்டைத் தேய்க்கக்கூட என்னை நம்ப முடியலைன்னா — போதும். எழுதினால் தாள் கிழியும்.

மார்ச் 13
யூகுலேலேயை உறைக்குள் போட்டு பீரோ மேல் வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி
சாப்பாட்டு மேஜையில் ஒரு லென்ஸ் டப்பா. திறந்தால் உள்ளே புது வெள்ளைத் துண்டு, தேய்க்காதது. பக்கத்தில் உப்புத்தாள். "நான் அந்தப் பக்கமே வரலை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தேய்த்து, மாட்டி, வாசித்து, கழற்றி, மறுபடி தேய்த்து — ஆறு தடவை. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து வந்து போனது. உள்ளே வரவில்லை. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை எனக்கு.

மார்ச் 15, சனி
இரண்டு பாட்டு வாசித்தேன். மூன்றாவதில் விரல் மரத்துவிட்டது, சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கீழ்த் தந்தி லேசாக இரைகிறது. தெரிந்தேதான் விட்டேன்; தந்தியை அதற்கு மேல் ஏற்றினால் விரல் தாங்காது.

லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவருக்கு அது கேட்காமலா இருந்திருக்கும்? பஸ்ஸில் வரும்போது வாயைத் திறந்தார். என் மடியில் இருந்த யூகுலேலேயைப் பார்த்தார்.

"காத்து ரொம்ப அடிக்குது. ஜன்னலைச் சாத்தட்டுமா?"

வழக்கமாகக் கேட்க மாட்டார், சாத்திவிடுவார். வேண்டாம் என்றேன். சாத்தவில்லை.