வெட்டப்பட்ட ஏழாம் அத்தியாயம்

ஒக்டோபர் 6, திங்கள்

என்னுடைய ஏழாம் அத்தியாயத்தை வெட்டிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சுக்குப் போகும் பிரதி காலையில் மின்னஞ்சலில் வந்தது. எட்டாம் அத்தியாயத்தை ஏழு என்று மாற்றிப் போட்டு, பொருத்துக்கூடத் தெரியாமல் செய்திருக்கிறார்கள்.

வெளியே மழை, இடையிடையே பனிக்கூழ். 3 பாகை.

புத்தகம்: அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானக் குழு ஒன்றின் போர்க்கால வரலாறு. இங்கிலாந்திலிருந்து நோர்வேக்குப் பறந்து வந்த ஒரு குளிர்கால நாள்தான் அதன் நடுப்பகுதி. அன்று குழுவின் விமானம் ஒன்று மலையில் விழுந்து பத்துப் பேர் செத்தார்கள். அது இருக்கிறது, படங்களோடு. அதே குழுவின் குண்டுகள் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணைவீட்டில் விழுந்து மூன்று பேர் செத்தார்கள். தாய், எட்டு வயது மகன், வேலைக்கு நின்ற பெண். அதுதான் ஏழாம் அத்தியாயம். அது இல்லை. இலக்கை மேகம் மூடியதால் மிச்சக் குண்டுகளைக் கடலில் போட்டார்கள் என்ற பழைய வரி திரும்ப வந்து குந்தியிருக்கிறது.

ஹெல்கேக்கு (புத்தகத்தை வெளியிடும் அந்த மலையூர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்) மூன்று தடவை ஃபோன். எடுக்கவில்லை.

அச்சு: வெள்ளி, பின்னேரம் மூன்று மணி. விழுந்த விமானத்தின் பத்துப் பேருக்கும் ஊரில் நினைவுக்கல் திறப்பு: 18, சனி.

பிரஷர் 162/94. குளிசை போட்டேன். மத்தியானம் சாப்பிடவில்லை. மனைவி கமலா கோப்பையை எடுத்துப்போனாள்.

7, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. முழங்கால் நோ. ரெயில் பாதையில் வேலை, மாற்று பஸ்.

ஹெல்கே பத்து மணிக்கு எடுத்தார். குரலில் முன்பே ஒத்திகை பார்த்த மரியாதை.

"கார்வரின் பேரன் எழுதியிருக்கிறார். குடும்பம் வராதாம். உங்கள் கடிதம் கிடைத்ததாம்."

கார்வர் அன்று பறந்த விமானிகளில் ஒருவர். பத்திரமாகத் திரும்பிப் போனவர். அவருடைய பேரன்தான் கல்லைத் திறந்து வைப்பதாக இருந்தது. உங்கள் தாத்தாவின் விமானம்தான் அந்தப் பண்ணையில் குண்டு போட்டது என்று ஓகஸ்ட்டில் நான் அவருக்கு எழுதினேன். புத்தகத்தில் பார்த்து அறிவதைவிட என்னிடமிருந்து அறிவது நல்லது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஹெ.: "நீங்கள் எழுதியது பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தில் வேண்டாம். பிறகு ஒரு தனிக் கட்டுரையாக..."

நான்: "பிறகு என்றால் எப்போது? துரீட் செத்த பிறகா?"

கோப்பையில் கரண்டியைச் சுற்றத் தொடங்கினார், சத்தம் கேட்டது.

துரீட் அந்த வீட்டின் சின்ன மகள். மாட்டுக்கொட்டிலுக்குப் போயிருந்ததால் தப்பியவர். இப்போது முதியோர் இல்லத்தில். புத்தகம் வந்ததும் அம்மாவின் பெயரைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கோடையில் சொன்னவர். அவருக்குக் கண் மங்கல்.

நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் கடைசி. 'உதவிய ஆர்வலர்.' இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நின்ற காலோடு, அகராதியை வைத்து இங்கிலீஷ் படித்து, ஆவணக் காப்பகத்துக்கு எழுதி எழுதிக் குறிப்பேடுகளின் பிரதி எடுப்பித்தவன் ஆர்வலர். ஒரு குறிப்பேட்டையும் தொடாத ஹெ. பதிப்பாசிரியர்.

இலங்கையில் என் தங்கையின் வீட்டில் குண்டு விழுந்த நாள் அரசாங்க வானொலி சொன்னது: இலக்குகள் தாக்கப்பட்டன. தங்கையும் இரண்டு பிள்ளைகளும். எந்த அறிக்கையிலும் பெயர் இல்லை. இதைச் சங்கத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சொன்னால் அதனால்தான் செய்கிறேன் என்பார்கள். அதனால்தான். ஆனால் அது அவர்களுக்குத் தேவையில்லை.

பின்னேரம் பேர்கனிலிருந்து மகள் மதுரா ஃபோனில்.

"அப்பா, அந்தக் கடிதத்தை நான்தானே திருத்தி அனுப்பினனான். இப்ப எனக்குத்தான் ஒரு மாதிரியாக் கிடக்கு."

"உண்மைதானே எழுதினது."

"உண்மைதான். அந்த மனுசன் என்னப்பா செய்தவர்? அவருக்கு அது தாத்தா."

"செத்ததுகளுக்கும் ஆக்கள் இருக்கு."

"ஓமப்பா, ஓம். கொஞ்சம் ஆறுதலா இருங்கோ. குளிசை போட்டனீங்களோ?"

போட்டேன் என்றேன். இரண்டாவதைப் போடவில்லை.

8, புதன்

வெயில், குளிர். மரங்கள் பாதி மஞ்சள்.

வாங்கியவை: பால், சின்ன வெங்காயம், உறைந்த தேங்காய்ப்பூ, அச்சு இயந்திரத்துக்கு மை.

ரெயிலில் இந்தியத் தமிழ்த் தம்பதி ஒன்று. மடியில் நான் விரித்திருந்த விமானப் படத்தை அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "அங்கிள் மிலிட்டரியா இருப்பாரு போல." கணவன்: "சும்மா இரு, ஸ்ரீலங்கா தமிழ், புரியும்." எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கிழமையில் முதல் தடவை.

நான்கு மணிக்குக் குசினி மேசையில் எல்லாவற்றையும் பரப்பினேன். சங்கத்தின் செயற்குழு முழுவதற்கும் கடிதம், ஹெ.யைத் தாண்டி. ஆதாரத்தை ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று கமலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

கார்வரின் விமானத்தில் வழி கணக்கிடும் அதிகாரியின் குறிப்பேடு: குண்டுகள் விடப்பட்டது 11.22. கடலில் என்று எழுதியிருக்கிறான், நான் நம்பவில்லை. குறிப்பேடு கிரீன்விச் நேரம். நோர்வேக்கு ஒரு மணித்தியாலம் கூட்டினால் 12.22. ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் பண்ணைவீடு எரிந்தது 12.20. இரண்டு நிமிட வித்தியாசம். இதைவிட என்ன வேண்டும்.

கமலா: "இஞ்சேருங்கோ, உந்தப் பதினொண்டு இருவத்திரண்டு எந்த நேரம்?"

"காலமை."

"அதில்லை. பழைய நேரமோ, புது நேரமோ?"

"இங்கிலாந்தில அப்பிடி ஒண்டும் இல்லை."

"சண்டைக்கை நீங்கள் அங்கை போய்ப் பாத்தனீங்களோ? எங்களுக்கு அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினது. வன்னியில இயக்கம் தள்ளேல்லை. ஆமியின்ர சென்றி தாண்டினா வேற நேரம். வவுனியாவிலை கிளினிக்குக்குப் போனா நான் எப்பவும் பிந்தி, அந்த நேர்ஸ் மிஸ்ஸிட்டை எப்பவும் பேச்சு. சண்டை எண்டா முதல் மணிக்கூட்டிலைதான் கை வைப்பினம்."

"நீ பிட்டைப் பார்" என்றேன்.

பிட்டு நன்றாக இருந்தது. பாதியோடு எழுந்தேன். இவள் வன்னியிலிருந்து வந்து இத்தனை வருடம். அந்த இரண்டு மணிக்கூட்டுக் கதையை நூறு தரம் கேட்டிருக்கிறேன்.

9, வியாழன்

பனிமூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. பிரஷர் பார்க்கவில்லை.

காலை முழுவதும் கமலா கேட்ட அந்த நேரத்தைத் தேடும் வேலை. போர்க்காலத்தில் இங்கிலாந்து குளிர்காலத்திலும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே வைத்திருந்தது. அது புத்தகங்களில் இருக்கிறது. நான் வாசித்த புத்தகத்திலேயே இருக்கிறது, கோடும் போட்டிருக்கிறேன். கார்வரின் விமானத்து அதிகாரி குறிப்பேட்டை கிரீன்விச்சில் எழுதினானா, முகாம் மணிக்கூட்டில் எழுதினானா என்பதுதான் கேள்வி. நான் கேட்காத கேள்வி.

ஓரத்தில் அவன் பென்சிலால் குறித்திருக்கிறான்: கடலின் மேல் சூரியன், 8.31. சூரிய உதய அட்டவணையில் அந்த இடம், அந்த நாள் பார்த்தேன். கிரீன்விச்சில் ஏழரைக்குச் சற்றுப் பின். மூன்று தரம் பார்த்தேன். முகாம் மணிக்கூடுதான். நோர்வே மணிக்கூடும் அதுவும் அன்று ஒன்று. கூட்ட ஒன்றுமில்லை.

ஆகவே கார்வர் குண்டை விட்டது 11.22. வீடு எரிய ஒரு மணித்தியாலம் இருக்கிறது. குறிப்பேட்டில் எழுதியபடி கடலில்தான் விட்டிருக்கிறான்.

பெட்டியில் இன்னொரு குறிப்பேடு. அதே குழு, கூட்டத்திலிருந்து பிரிந்து பிந்திய விமானம். 12.19, கண்ணில் பட்ட கட்டடங்கள் மேல். அதற்கும் ஒன்றைக் கூட்டி 13.19 ஆக்கி, பொருந்தாது என்று போன வருடம் ஒதுக்கி வைத்தவன் நான்.

ஒரு செத்த மனிதன்மேல் மூன்று கொலையைச் சுமத்தி, அவன் பேரனுக்குக் கடிதமும் போட்டிருக்கிறேன். வணக்கம், அன்புடன் எல்லாம் சேர்த்து.

யாருக்கும் தெரியாது. ஹெ. குறிப்பேடுகளைத் திறக்கப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியும்: பார்த்தீர்களா, நாங்கள் வெட்டியது சரி. அத்தியாயம் முழுவதும் குப்பைக்கு. மூன்று பெயரும் அதோடு. சொல்லாமல் விட்டால் பெயர்கள் உள்ளே வரச் சண்டை பிடிக்கலாம், பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு. பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை வீட்டுக்குள் நடந்தேன். கமலா தையலிலிருந்து தலை தூக்கவில்லை.

இரண்டு மணிக்குத் துரீட்டுக்கு ஃபோன். அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று பட்டது. சொன்னேன். காது மந்தம், இரண்டு தரம் கத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

துரீட்: "விமானி யார் என்று நான் எப்போதாவது உங்களைக் கேட்டேனா?"

இல்லை என்றேன்.

"நீங்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேரப் பையனுக்கு எழுதிவிடுங்கள். பாவம், அவன் வீட்டில் தூங்கமாட்டார்கள்." பிறகு: "அம்மாவின் பெயர் புத்தகத்தில் வருகிறதா, இல்லையா?"

தெரியாது என்றேன்.

"நீங்கள் பிடிவாதக்காரர் என்று ஹெல்கே சொன்னார். அதை நம்பித்தான் இருக்கிறேன்."

கமலாவுக்குச் சொன்னேன், நீ கேட்டது சரி என்று. "ம்" என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அந்த மற்ற ஆளின்ர பேரையும் இப்ப எழுதிப் போடாதேங்கோ" என்றாள்.

10, வெள்ளி

பனிமூட்டம் விலகவில்லை. 1 பாகை.

ஒன்பது மணிக்கு ஹெ.க்கு ஃபோன். முழுவதும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படியானால் வெட்டியது நல்லதாய்ப் போயிற்று."

"இல்லை. விமானியின் பெயர்தான் பிழை. குண்டு அதே குழுவின் குண்டு. வீடு அதே வீடு."

"நேற்று வரை நீங்கள் கார்வர் என்று சத்தியம் பண்ணினீர்கள்."

"ஓம். அதை நானே எழுத்தில் தருகிறேன், கையெழுத்தோடு. நீங்கள் அச்சடிக்கப்போகும் கடல் என்ற வரிக்கு யார் கையெழுத்துப் போடுவது?"

வீடு எரிந்த பதிவேட்டின் பிரதியும் இரண்டு குறிப்பேடுகளும் உடனே வேண்டும் என்றார். தானே பார்க்கப்போகிறாராம். முதல் தடவை. மூன்று மணிக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார். என்ன முடிவு என்று குரலில் தெரியவில்லை.

இப்போது பத்தே கால். செய்ய வேண்டியவை:

நான்: கார்வரின் பேரனுக்குக் கடிதம். நான் பிழை விட்டேன் என்பது முதல் வரியில். அந்தக் காலத்து மணிக்கூடுகளைப் பற்றிய விளக்கம் அதற்குப் பிறகு, அதுவும் சுருக்கமாக.

மதுரா: கடிதத்தின் இங்கிலீஷைத் திருத்துவது. கருத்தைத் திருத்தக் கூடாது. பன்னிரண்டுக்கு அவளுக்கு இடைவேளை.

நான்: பிரதிகள் ஹெ.க்கு, பதினொரு மணிக்கு முன். அத்தியாயம் பத்தொன்பது பக்கத்திலிருந்து இரண்டு பக்கம். விமானி பெயர் எதுவும் இல்லாமல்.

ஹெல்கே: கடல் என்ற வரியை எடுப்பது. இரண்டு பக்கத்துக்கும் இடமில்லை என்றால் மூன்று பெயர்கள், வயது, ஊர். ஒரு வரி போதும். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

பிந்திய விமானத்தின் குறிப்பேடு: என்னைத் தவிர வேறு ஒருவர் பார்க்க வேண்டும். யார் என்று தெரியவில்லை. ஹெல்கேயையே கேட்க வேண்டிவரும்.

கமலா: 18ஆம் திகதி என்னோடு வருவது. கேட்டாயிற்று. பனிச் சப்பாத்து வாங்கினால் வருவாளாம்.

துரீட்: ஒன்றும் இல்லை. முதியோர் இல்லம் வாகனம் தர வேண்டும், அதை நான் கேட்க வேண்டும்.

கார்வரின் பேரன்: அவர் செய்ய வேண்டியது என்று எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை.