மாப்பிள்ளை வாங்கிய முதுகுப்பை

கிள்ளான்,
20.4.1997

அன்புள்ள கலா அக்காவுக்குத் தங்கை புஷ்பவல்லி எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலாம். மீரியில் மழை விட்டதா? உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போதாவது சொன்ன பேச்சைக் கேட்கிறார்களா?

உன் கடிதத்தை அம்மா பக்கத்து வீடுவரை கொண்டுபோய்ப் படித்துக்காட்டிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிடும்படி மாப்பிள்ளை சொன்னதையும், பினாங்கு, சிங்கப்பூர், மேடான் என்று தான் போகிற இடமெல்லாம் உன்னையும் கூட்டிப்போகப்போவதையும் எழுதியிருந்தாய். எந்தப் புருஷன் இப்படிச் சொல்வான் என்று கேட்டிருந்தாய். நானும் பெருமையாகத்தான் நினைத்தேன், போன சனிக்கிழமை வரைக்கும்.

அன்று நான் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் பைக்கடைக்கு உன் ராதாகிருஷ்ணனும் அவர் அம்மாவும் வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் இளையவளைக் கேட்டுவிடக்கூடாது என்று அம்மா என்னை அடுப்படியிலேயே நிறுத்திவைத்தது உனக்கு நினைவிருக்கும். என் மூஞ்சிக்கு அந்தப் பயம் வேறு! திரைச்சீலை இடுக்கில் நான் அவரைப் பார்த்தேனே தவிர, அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆகவே கடையில் நான் யாரோ ஒரு வேலைக்காரப் பெண்.

லேப்டாப் வைக்க முதுகுப்பை வேண்டும் என்றார். சாமானையெல்லாம் கையோடு கொண்டுவந்து மேசையில் பரப்பினார். லேப்டாப், செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், இரண்டு பேட்டரி, மோடம், சின்ன பிரிண்டர், டிஸ்க் பெட்டி, பாம்புபோல் வயர்கள். தோட்டத்து ஆபீசுகளுக்குக் கணக்கு புரோகிராம் விற்கிறவர், ஏதோ ராக்கெட் விடப்போகிறவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிச் சொல்லி வைத்தார்.

அவர் உயரத்துக்கு ஒரு பெரிய கறுப்புப் பையை எடுத்துக் கொடுத்தேன்.

"இது எனக்கு இல்ல, தங்கச்சி. நான் கட்டிக்கப் போற பொண்ணுக்கு" என்றார்.

கடைக்காரர் கன்னையா அங்கிள், "அவங்களுக்கும் கம்ப்யூட்டர் வேலையா, பாஸ்?" என்று கேட்டார்.

"இல்ல லா, அங்கிள். மீரியில டீச்சர். என் சாமானை அவங்கதான் தூக்குவாங்க. கஸ்டமர் முன்னாடி நான் மூட்டையோட போய் நின்னா என்ன வேல்யூ இருக்கும்? கோட்டும் கசங்கிடும்."

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ அவங்க சைஸ்தான் இருப்ப. கொஞ்சம் போட்டுக் காட்டு" என்றார்.

அக்கா, உன் சட்டையை நான் போட்டுத்தானே வளர்ந்தேன். சைஸ் சரியாகத்தான் இருந்தது. எல்லாச் சாமானையும் அடைத்து என் முதுகில் ஏற்றினார். வாசல்வரை நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். அகலப் பட்டையும் நல்ல மெத்தையும் வைத்த ஒரு பை இருந்தது, தோளை அறுக்கவில்லை. அது வேண்டாமாம். அதில் பின்பக்கம் பாக்கெட் இல்லையாம். மெல்லிய பட்டை போட்ட இன்னொன்றை மாட்டிவிட்டு, பின்னால் நின்று ஜிப்பைத் திறந்து பேட்டரியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். அலமாரியைத் திறந்து மூடுவதுபோல். "பாருங்கம்மா, அவ நிக்கவே வேணாம். நடக்க நடக்கவே எடுத்துக்கலாம்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஒருதரம் பாரம் தாங்காமல் நான் பின்னால் சாய்ந்தேன். சட்டென்று பிடித்தார். என்னை இல்லை, பையை.

அவர் அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "பழகிடும்பா. தோட்டத்துல ரப்பர் பால்வாளி தூக்குன குடும்பம்தானே, இது ஒரு பாரமா?" இவர்கள் தெலுக் பங்லிமா காராங் பக்கம் தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்கள்தான் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடு வாங்கியதும் வாளி நம் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது.

கன்னையா அங்கிளுக்கே பொறுக்கவில்லை. "ஏன் பாஸ், நீங்க பொண்ணு பாத்தீங்களா, லோரி பாத்தீங்களா?" என்றார்.

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். கடை அதிரச் சிரித்தார். "லோரின்னா டீசல் ஊத்தணும், அங்கிள். இவங்களுக்குச் சோறு போதும்!"

அந்த மெல்லிய பட்டைப் பையைத்தான் வாங்கிப்போனார். கார்வரைக்கும் அதை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். என் முகத்தை ஒருதரம்கூட அவர் பார்க்கவில்லை. நாளைக்கே கல்யாண வீட்டில் என்னைப் பார்த்து, தங்கச்சி இதுவரை எங்கே இருந்தாய் என்று கேட்கக்கூடிய ஆள்.

எனக்குத்தான் நாலு பேர் முன்னால் குரலே வராதே. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஆம்பளைக்கு ஒத்தாசையா ஒரு பையத் தூக்குனா தேஞ்சா போயிருவா? படிப்பைத்தான் விட்ட, இப்ப அக்கா வாழ்க்கையில வாய வைக்காத" என்றார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

மூன்றாம் படிவத்தோடு நின்றவள் ஆசிரியைக்குப் புத்தி சொல்லக்கூடாதுதான். ஆனால் அக்கா, உன் இடத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். தோளில் இரண்டு பக்கமும் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. ஜூன் விடுமுறைக்கு நீ வந்ததும் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். நீ வேலையை விடுவதாக இன்னும் எழுதிக் கொடுக்கவில்லையே? கொடுக்காதே. வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் போதும், அதை அப்பா முன்னால் நான் படித்துக்காட்டுகிறேன். குரல் வராவிட்டாலும் படிப்பேன்.

வேறொன்று. நிச்சயதார்த்த மோதிரத்துக்கு உன் விரலில் நூல் சுற்றி, அளவு வெட்டி அனுப்பும்படி எழுதச் சொன்னார் அம்மா. எழுதிவிட்டேன். தோளின் அளவைத்தான் என்னிடம் எடுத்துக்கொண்டார்கள், விரலின் அளவையாவது நீ அனுப்பாமல் இரு, அக்கா.

மாரியம்மா உனக்குத் துணை இருக்கட்டும்.

என்றும் உன் அன்புத் தங்கை,
புஷ்பவல்லி