உருளைக்கிழங்கு உரித்த பதக்கக்காரர்

அத்-பாஷி,
மார்ச் 1977

என் கண்ணான மகள் புரூலுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும், அண்ணன் தோகோன் வீட்டாரும், ஆடு மாடு குதிரையும் நல்ல சுகம். அங்கே நீயும் உன் கை கால் விரல் எல்லாமும் முழுசாகச் சுகமாயிருக்க வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டாம். இந்த வருஷம் பனி இன்னும் விட்டபாடில்லை, தோகோனின் லாரி கணவாயில் சிக்கி இரண்டு நாள் அங்கேயே கிடந்தான், வீட்டுக்கு வந்ததும் அவன் பெண்டாட்டி கொடுத்த வசவுக்குப் பனியே தேவலை என்றான். நம் சிவப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது, மூக்கில் மட்டும் வெள்ளை, உன்னை மாதிரியே பிறந்த அன்றே அடம். உன் அப்பா அதற்கு உன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்கிறார், நான்தான் கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. சைபீரியாவில் ரயில் பாதைக்கு மலை குடையப் போகிறேன், வெடி வைக்கிற வேலை என்று நீ கிளம்பியபோதே வேண்டாம் என்றேன், ஆனால் அப்பனும் மகளும் சேர்ந்துகொண்டால் என் பேச்சு எங்கே எடுபடும். குகைக்குள் எல்லா வெடியும் வெடித்துவிட்டது என்று நம்பி நீங்கள் உள்ளே போனதும், வெடிக்காமல் நின்ற ஒன்று வெடித்து மேஸ்திரி யெகோர் ஐயாவின் கால் போனதும் படித்துக் கதறிவிட்டேன் புரூல். பக்கத்தில் நீ நின்றாய் என்று எழுதியிருக்கிறாய், அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு குகை வாசலுக்குப் போனாலே உன் கால் மரத்துப்போகிறது என்றும், மேலதிகாரி ஆபீஸ் வேலைக்கு மாறிக்கொள் என்கிறார் என்றும், ஆனால் போரில் கண்ணிவெடி எடுத்துப் பதக்கம் வாங்கியவர் மகள் பயந்து ஓடிவிட்டாள் என்று ஊர் சிரிக்காதா, அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் கேட்டிருக்கிறாய். அடி அசடே, உன்னை நான் பெற்றேனா, பதக்கம் பெற்றதா?

உன் அப்பாவுக்கு முழுசும் வாசித்துக் காட்டினேன். எழுந்து போய், நீ ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போன ரொட்டியை உத்தரத்து ஆணியிலிருந்து எடுத்தார், எலி தொட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதைவிட உயரமாக வேறொரு ஆணி அடித்து அங்கே மாட்டினார். அதே உத்தரத்தில்தான் நாற்பத்திரண்டில் அவர் கடித்து வைத்த ரொட்டியும் தொங்கியது. நான் அப்போது புதுப்பெண், முகத்தை நிமிர்த்தி அவரைச் சரியாகப் பார்த்துக்கூட முடிக்கவில்லை, பட்டாளத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அடுத்த குளிர்காலத்தில் வீட்டில் கைப்பிடி மாவு கிடையாது, பழைய ஆட்டுத் தோலை வேக வைத்துக் குடித்தோம், தலைக்கு மேலே அந்த ரொட்டி, நானும் என் மாமியாரும் அண்ணாந்து பார்ப்போம், பிறகு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் படுத்துவிடுவோம். கடித்தவன் வந்துதான் மிச்சத்தைத் தின்ன வேண்டும், வேறு வாய் பட்டால் அவன் வரமாட்டான் என்று எங்களுக்குப் பயம். வந்தார். தேநீரில் ஊறவைத்துத் தின்னுங்கள் என்று கெஞ்சினேன், வீரராயிற்றே, அப்படியே கடித்தார், முன்பல் போயிற்று. ஜெர்மன்காரன் குண்டுக்குத் தப்பிய பல்லை என் மாமியார் ரொட்டி எடுத்துக்கொண்டது என்று ஊரே சிரித்தது.

மறுநாள் மத்தியானம் நான் சூப்புக்கு அடுப்பை மூட்டும்போது அவர் வழக்கம்போல உருளைக்கிழங்கோடு உட்கார்ந்தார். உனக்குத்தான் தெரியுமே, கையருகில் இருக்கும் தேநீரைக்கூடத் தானே ஊற்றிக்கொள்ளாத மனுஷர், உருளைக்கிழங்கை மட்டும் யார் கையிலும் விடமாட்டார், இரண்டு விரல் இல்லாத அந்தக் கையால் தோல் அறுபடாமல் ஒரே சுருளாக, காகிதம் மாதிரி உரித்துப் போடுவார். எங்கே கற்றீர்கள் என்று இத்தனை வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன், பட்டாளத்தில் என்பார், அதோடு சரி. அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. குனிந்த தலை நிமிராமல், ஏ கிழவி, பாலத்துக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு அவளுக்கு எழுது என்றார்.

பாலத்துக் கதையை நீ பிறந்ததிலிருந்து கேட்கிறாய். பனி உருகிய ஆற்றில் கழுத்தளவு நின்று, எதிரி பாலத்தடியில் கட்டிவிட்டுப் போன வெடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தது, காலையில் டாங்கிகள் அதன் மேலேயே கடந்து போனது, சிவப்பு நட்சத்திரப் பதக்கம். ஒவ்வொரு மே மாதமும் பள்ளிப் பிள்ளைகள் பூவோடு வந்து அதைத்தான் கேட்பார்கள், அவரும் அதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு மேல் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும். பதக்கம் குத்திய சில நாளில், ஒரே தட்டில் சாப்பிட்ட கூட்டாளி அவருக்கு முன்னால் வயலில் போய்க்கொண்டிருந்தானாம், கண்ணிவெடி. இவருக்கு ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலை எழுந்து நடக்கப் பார்த்தால் கால் வரவில்லையாம். வயலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார், பதக்கம் நெஞ்சில், கால் தரையில். அதிகாரி ஒருவர் கோழை என்று கத்தினாராம். பனாஸ் என்று உக்ரேன்காரர், அவர்கள் குழுவின் பழைய சார்ஜெண்ட், குறுக்கே வந்து, இவன் காலு லீவு கேக்குதுங்க, குடுத்துருவோம், சமையல்காரனுக்கு ஆள் வேணுமாம் என்று சொல்லி, தோளில் கைபோட்டுச் சமையல் வண்டிக்குக் கூட்டிப்போய், கையில் ஒரு கத்தியும் பக்கத்தில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போனாராம். ஒரு வாரம் உரித்தாராம். பிறகு ஒரு காலையில் யாரும் கூப்பிடாமலே கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய் வரிசையில் நின்றாராம். எங்கே போனாய், என்ன ஆனாய் என்று பனாஸ் எதுவும் கேட்கவில்லை, தோலு மெல்லிசா வருதா என்று மட்டும் கேட்டாராம். அதற்குப் பிறகுதான் மீதிப் போர் முழுக்கக் கண்ணிவெடி எடுத்ததும், விரல் இரண்டைக் கொடுத்ததும்.

இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்களேன் என்றேன். உருளைக்கிழங்குக்கு யாரு பூ குடுப்பா என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: அவ காலு ஓடல, உக்காந்திருக்கு. உக்காந்த காலு எந்திரிக்கும். எந்திரிக்காட்டியும் அது என் மக காலுதான்னு எழுது.

நான் உன் அம்மா, நீ ஆபீசிலேயே இருந்துவிடு என்றுதான் எனக்கு ஆசை, மறைக்க மாட்டேன். ஆனாலும் முடிவு உன்னுடையது. எங்களுக்காக, ஊருக்காக, சுவரில் மாட்டியிருக்கிற பதக்கத்துக்காக மட்டும் அந்தக் குகைக்குள் போகாதே. ஆஸ்பத்திரியில் யெகோர் ஐயாவைப் போய்ப் பார்க்கக் கூச்சமாயிருக்கிறது என்று எழுதியிருந்தாய், கூச்சமெல்லாம் வேண்டாம், போ, பக்கத்தில் உட்கார், பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திரு. பார்சலில் உலர்ந்த தயிர் உருண்டையும் அண்ணி பின்னிய காலுறையும் இருக்கின்றன, உருண்டையில் பாதி அவருக்கு. காலுறை இரண்டு ஜோடி அனுப்பினேன், ஒன்று அவருக்கு என்று நினைத்துப் பின்னியது, பிறகுதான் அவருக்கு ஒன்று போதும் என்று உறைத்தது, அழுதுகொண்டே இரண்டையும் வைத்துக் கட்டிவிட்டேன், நீயே பார்த்துக்கொள்.

உன் பாதை வெள்ளையாக, தடங்கலில்லாமல் இருக்கட்டும், போகிற இடத்தில் நல்ல மனுஷர்கள் எதிர்ப்படட்டும், ஒரு பனாஸ் உனக்கும் கிடைக்கட்டும். தலையில் சால்வை இல்லாமல் வெளியே போகாதே. ரொட்டி உனக்காகக் காத்திருக்கிறது, வந்து ஊறவைத்துத் தின்னு, உன் அப்பா மாதிரி வீரம் காட்டாதே. இதை மடிக்கப் போகும்போது பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார், ஒரு வரி தானே எழுத வேண்டுமாம், அந்தக் கையால் எழுதி எத்தனை வருஷமோ, நான் எட்டிப் பார்க்கக்கூடாதாம்.

உன்னை நெஞ்சோடு அணைத்து முத்தமிடும் அம்மா,
பாத்மா

ஒரு வாரம் இல்லை மகளே. ஒரு மாதம்.
அப்பா